மாடி அனலாகக் கொதிக்கிறது, கீழ்த்தளம் அப்படியில்லை: பெரிய ஏசி வாங்குவதுதான் வழியா?

பெரம்பூர்வாசி:
வணக்கம். எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்டது. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால் முன்னும் பின்னும் மட்டுமே சன்னல்கள் உண்டு. சித்திரை பிறந்ததிலிருந்து, இரவு பத்து மணிக்குக் கீழே கூடத்தில் 31 டிகிரி காட்டும் அதே வெப்பமானி மாடிப் படுக்கையறையில் 35 காட்டுகிறது. அங்குள்ள ஒரு டன் ஏசி விடியும்வரை ஓடியும் அறை குளிர்வதில்லை. ஆனால் மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டிருக்கும் என் தாயாருக்கு மட்டும் சில்லென்று காற்று இறங்குகிறது. கீழ்த்தளத்தின் சூடுதான் மேலே ஏறுகிறது, ஒன்றரை டன்னாக மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரிதானா?

ராயபுரம் கட்டுமானக்காரர்:
ஐயா, சூடான காற்று மேலே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் உங்களைவிட நான்கு டிகிரி குளிர்ந்திருக்கும் கூடம் உங்கள் அறையைச் சூடாக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு நாற்காலி மேல் ஏறி மாடி அறையின் கூரையைத் தொட்டுப் பாருங்கள், பிறகு சுவரைத் தொடுங்கள். கூரை கூடுதலாகச் சுட்டால் குற்றவாளி அதுவே. பகல் முழுவதும் வெயிலை வாங்கும் கான்கிரீட் தளத்தில் அந்தச் சூடு மெல்ல இறங்கி, அடிப்பக்கத்தை அடைவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடுவதால், வெளியே காற்று தணிந்த பிறகுதான் உங்கள் கூரை அடுப்புக்கல்லாக மாறுகிறது. கீழ்த்தளத்துக்கோ உங்கள் மாடியே குடையாக நிற்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னும் சில மெட்ராஸ் டெரஸ் வீடுகள் உள்ளன. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த கூரைகள் அவை. அந்தக் கனமும் உயரமான கூடமும் சேர்ந்து செய்த வேலையை இன்றைய ஐந்து அங்குலத் தளம் தனியாகச் செய்யாது. உங்கள் மொட்டை மாடியில் ஜல்லித் தளமும் ஓடும் இருக்கின்றனவா, அல்லது வெறும் சிமெண்டு பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோதான் முதல் செலவாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது மலிவு, ஆனால் ஐப்பசி மழையில் பெரும்பகுதி கரைந்துவிடும். விலை கூடிய பூச்சும் புழுதி படிந்தால் வேலை செய்யாது என்பதால் ஆண்டுதோறும் பங்குனியில் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே பால்ஸ் சீலிங் போடுவதை நான் இரண்டாவதாகவே வைப்பேன்; அது சூட்டைத் தடுக்கிறதேயொழிய, தளம் சூடாவதைத் தடுப்பதில்லை.

தண்டையார்பேட்டை ஏசி மெக்கானிக்:
தாயாருக்கு இறங்கும் காற்று நீங்கள் கட்டணம் செலுத்தும் காற்று. குளிர்ந்த காற்று கனமானது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தால் தண்ணீரைப் போலப் படி வழியாகக் கீழே வழியும். கதவை மூடி, அடியிலுள்ள இடைவெளியையும் அடையுங்கள். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைச் சேர்த்து ஓடவிடுவதே போதும்; 18இல் வைத்தால் அறை விரைவாகக் குளிர்ந்துவிடாது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். கூரையின் சூடு குறைந்த பிறகு அதே இயந்திரம் போதுமானதாக இருக்கலாம் என்பதால், முதலில் கூரை, பிறகு டன். வெளி யூனிட் மொட்டை மாடியில் இருந்தால் நிழல் கொடுங்கள், ஆனால் சுற்றி அடைத்துவிடாதீர்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் அதன் சுருள்கள் அரிப்பதால் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுவதும் அவசியம்.

திருவொற்றியூர் இல்லத்தரசி:
எங்கள் தெருவில் சிலர் மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பார்கள். பலன் தருவது உண்மைதான், ஆனால் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த எனக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கீற்றுக் கொட்டகை இன்னும் குளிர்ச்சி. தீபாவளி ராக்கெட்டை நினைத்தால் பயம். ஏசி போடாத வேளையில் படியின் உச்சியிலுள்ள சன்னலுக்குக் கொசுவலை அடித்து, பொழுது சாய்ந்ததும் திறந்து வையுங்கள். மேலே தேங்கிய சூடு அந்த வழியாக வெளியேறும், கீழ்ச் சன்னலிலிருந்து கடற்காற்று உள்ளே வரும்.

பெரம்பூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தொட்டுப் பார்த்தேன். கூரையில் உள்ளங்கையை வைத்திருக்கவே முடியவில்லை, சுவர் அவ்வளவு சுடவில்லை. மேலே வெறும் சிமெண்டுதான், இரண்டு இடங்களில் மயிரிழை வெடிப்பும் தெரிகிறது. கதவை மூடியதில் தாயாருக்கு வந்த காற்று நின்றுவிட்டது. அதில் அவருக்குச் சிறிது வருத்தம். ஏசி வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டேன். வெடிப்பின் மேலேயே பூச்சை அடித்துவிடலாமா?

ராயபுரம் கட்டுமானக்காரர்:
வேண்டாம். முதலில் வெடிப்பைச் சுரண்டி, அதற்கான பசையால் அடைத்து, நன்றாக உலரவிடுங்கள். தளத்தைக் கழுவிக் காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பாகவோ மாலையிலோ அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பூச்சு பிடிப்பதற்குள் காய்ந்து, பின்னர் அப்பளம் போல உரிந்துவரும்.