உதவி: 'வார்லி'யில் பிறந்த மர்கட்ராய்டை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

கடலைமிட்டாய்:
வணக்கம். வீட்டுக்காரர் யார்க்ஷயர்க்காரர். மாமனாருக்கு அவர் வம்சாவளியை எழுதிக் கொடுக்கணும்னு இறங்கியிருக்கேன். குடும்பப் பெயர் மர்கட்ராய்ட். 1851 சென்சஸ் வரை வந்தாச்சு. அவரோட கொள்ளுத்தாத்தாவின் அப்பா, வயசு 52, வொர்ஸ்டட் (ஒரு வகைக் கம்பளித் துணி) நெசவாளர், பிறந்த இடம் 'வார்லி, யார்க்ஷயர்'. அதோட நின்னுபோச்சு. தேடினா எசெக்ஸில் கிரேட் வார்லி, லிட்டில் வார்லி, பர்மிங்காம் பக்கம் இன்னொண்ணு. யார்க்ஷயர் வார்லி பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) பதிவேடுன்னு எதுவும் சிக்கலை. மர்கட்ராய்ட்னு ஊரும் மேப்பில் இல்லை. யாராவது வழி சொல்லுங்க.

பழையஏடு:
எசெக்ஸையும் பர்மிங்காமையும் மறந்துடுங்க. இந்தப் பெயரும் வொர்ஸ்டட் தொழிலும் சேர்ந்தா ஹாலிஃபாக்ஸ் பக்கத்து வார்லிதான். உங்க சிக்கல் என்னன்னா, அது பாரிஷ் இல்லை, டவுன்ஷிப், அதாவது பாரிஷுக்குள்ள இருக்கிற சின்ன நிர்வாகப் பகுதி. ஹாலிஃபாக்ஸ் பாரிஷ் ரொம்பப் பெரிசு. அதுக்குள்ள இருபதுக்கும் மேல டவுன்ஷிப். வரியும் ஏழை நிவாரணமும் டவுன்ஷிப் கணக்கு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் சர்ச் கணக்கு. அதனால் வார்லின்னு தேடாம, ஹாலிஃபாக்ஸ் செயின்ட் ஜான் சர்ச், லடெண்டன், சவர்பி பிரிட்ஜ் சேப்பல்கள் (பாரிஷுக்குள்ள இருக்கிற கிளைச் சர்ச்சுகள்)னு தேடுங்க. பக்கம் கிழிஞ்சிருந்தா, பிஷப்புக்கு வருஷாவருஷம் அனுப்பிய நகல் யார்க்கில் போர்த்விக் காப்பகத்தில் இருக்கும்.

லீட்ஸ்வாசி:
கூடவே ஒண்ணு. இணையத்தில் தேடும்போது பெயரை முழுசா டைப் பண்ணாதீங்க, உயிரெழுத்து வர்ற இடத்தில் எல்லாம் நட்சத்திரக் குறி (*) போடுங்க, எந்த எழுத்து இருந்தாலும் சிக்கும். எழுதுறவர் காதில் விழுந்தபடி எழுதினது அது. அந்தப் பள்ளத்தாக்கில் சர்ச் ஆஃப் இங்கிலாந்தை விட்டு விலகின சபைக்காரங்களும் ஏராளம். அவங்க பதிவேடுகள் 1837-க்கு அப்புறம் அரசாங்கத்துக்கிட்ட போச்சு; இப்போ லண்டன் கியூவில் இருக்கிற தேசிய காப்பகத்தில் ஆர்ஜி 4 (RG 4)ங்கிற வரிசையில் இருக்கு.

கடலைமிட்டாய்:
லடெண்டனில் கிடைச்சாச்சு! 1799, அப்பா பெயர், பக்கத்தில் 'வார்லி'. ஆனா அந்த அப்பா பெயரிலேயே ஞானஸ்நானப் பதிவில் ரெண்டு பேர், ஒரே டவுன்ஷிப், ஏறக்குறைய ஒரே வயசு. எந்த ஆள் எங்க ஆள்?

பழையஏடு:
பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மனசுக்குப் பிடிச்ச ஆளைத் தாத்தாவாக்கிடுறாங்க. இணையத்தில் அலையும் ரெடிமேட் வம்சாவளிகளை நான் நம்பறதே இல்லை.

ரெண்டு பேரில் யாராவது குழந்தையிலேயே செத்திருக்கலாம்; முதல்ல அடக்கப் பதிவேட்டைப் பாருங்க. அடுத்து உயில். 1858-க்கு முந்தைய யார்க்ஷயர் உயில்கள் பெரும்பாலும் யார்க் சர்ச் நீதிமன்றம் வழியாப் போனவை, போர்த்விக்கில் இருக்கு. நெசவாளர்தானேன்னு விட்டுடாதீங்க, தறியும் கொஞ்சம் நிலமும் வச்சிருந்தவங்க அங்க நிறைய. நிலம் இருந்திருந்தா வேக்ஃபீல்டு மேனர் கோர்ட் ரோல்களில் (நிலப்பிரபுவின் நீதிமன்ற ஏடுகள்) அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு மாறியது பதிவாகியிருக்கும். 1274-லிருந்து இருக்கு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில். 1733 வரை லத்தீன், அதுக்கப்புறம் இங்கிலீஷ்.

மேப்பில் மர்கட்ராய்ட்னு ஊர் தேடினீங்களே, அது ஊரே இல்லை. வார்லிக்குள்ள யாரோ காட்டைத் திருத்தின நிலம். ஆர்டனன்ஸ் சர்வேன்னு பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறை, அதோட பழைய ஆறு அங்குல மேப் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்), ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசம். பண்ணைப் பெயர்கள் வரைக்கும் இருக்கும். பெயரின் பழைய வடிவங்களுக்கு ஏ. ஹெச். ஸ்மித்தின் வெஸ்ட் ரைடிங் (யார்க்ஷயரின் மேற்குப் பகுதி) ஊர்ப்பெயர்த் தொகுதிகள், அப்புறம் 1379 தலைவரிப் பட்டியல்.

லீட்ஸ்வாசி:
1752-க்கு முன்னாடி போனா ஜனவரி, பிப்ரவரி தேதிகளைக் கவனிங்க. அப்போ புது வருஷம் மார்ச் 25-ல்தான். பிப்ரவரி 1740-ன்னு இருந்தா நம்ம கணக்குக்கு 1741.

கடலைமிட்டாய்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. அடக்கப் பதிவேட்டை இன்னிக்கே திறக்கிறேன். உயில் கிடைச்சா இதே இழையில் போடறேன், அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் வேணும்.