எஃப்டி8: கோடுகள் தெரிகின்றன, எழுத்து வரவில்லை

ஆயர் ஈத்தாம்: வணக்கம். அண்மையில்தான் ஹேம் (தன்னார்வ வானொலி) உரிமம் கிடைத்தது. அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலிருந்து டைபோல் ஆண்டெனா ஒன்றைச் சாய்வாகக் கட்டி, 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (குறுஞ்செய்தியைத் தொனிகளாக அனுப்ப, கணினி எழுத்தாக்கும் முறை) கேட்கிறேன். மாலையானால் வாட்டர்ஃபால் (வரும் சமிக்ஞைகளைப் படமாகக் காட்டும்) திரை முழுக்கக் கோடுகள். ஒலிபெருக்கியிலும் அந்த ஊளைச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் எழுத்தாக எப்போதாவது ஒரு வரி வந்தால் உண்டு. ஒலியளவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், கேபிளையும் மாற்றினேன். காதுக்குக் கேட்பது கணினிக்கு ஏன் கேட்கவில்லை? பக்கத்து வீட்டு ஏர்கான் இரைச்சலா?

செந்தூல்: ஏர்கானை விட்டுவிடுங்கள் தம்பி. வந்த அந்த ஒன்றிரண்டு வரிகளில் 'டிடி' (நேர விலகல், விநாடியில்) என்ற பத்தியில் என்ன எண் இருக்கிறது?

ஆயர் ஈத்தாம்: 2.3, 2.4 அண்ணா. எல்லாமே அதையொட்டித்தான்.

செந்தூல்: அப்படியானால் உங்கள் கணினிக் கடிகாரம் இரண்டு விநாடிக்கு மேல் முந்தி ஓடுகிறது. ஒரு நிலையம் மட்டும் விலகியிருந்தால் கோளாறு அவர்களிடம். எல்லாரும் ஒரே அளவு விலகினால் நம்மிடம். எஃப்டி8 நேரத்தை 15 விநாடித் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒலிபரப்பு 12.64 விநாடி. ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு மேல் தள்ளிப் போனதை நிரல் தேடவே தேடாது. பால்கனியில் இணையம் இல்லாமல் மடிக்கணினியை வைத்திருக்கிறீர்களோ? கைப்பேசி வழியாக இணைத்து, தேதி நேர அமைப்பில் ஒத்திசையுங்கள்.

பட்டர்வொர்த்: செந்தூல் அண்ணன் சொன்னதுதான். காதை நம்புவது பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1901 டிசம்பர் 12இல் நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில் வானொலி முன்னோடி மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து கேட்டது மோர்ஸ் குறியீட்டில் மூன்று புள்ளிகள், 'எஸ்' என்ற ஓர் எழுத்து. என்ன வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். காகித நாடாவில் பதிவும் இல்லை. மின்னலால் எழும் வானொலி இரைச்சலைக் கேட்டிருப்பார் என்று அன்றே ஐயப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிலடெல்பியா கப்பலில் நாடாவில் பதித்துக் காட்டிய பிறகே வாய்கள் அடங்கின. எஃப்டி8 அப்படிக் காதை நம்புவதில்லை: 77 பிட் செய்தியோடு 14 பிட் சரிபார்ப்பு எண்ணும் போகிறது. அது பொருந்தாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. 2017இல் இதை ஸ்டீவ் ஃபிராங்குடன் உருவாக்கிய ஜோ டெய்லர், இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் பல்சரை (துடிப்பு விண்மீனை) கண்டுபிடித்ததற்காக 1993இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். இரைச்சலுக்குள் புதைந்ததைத் தோண்டுவது அவருக்குப் பழகிய வேலை.

ஆயர் ஈத்தாம்: ஒத்திசைத்ததும் வரிகள் கொட்டுகின்றன! ஜப்பான், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. டிடி இப்போது 0.1, 0.2. ஆனால் நான் அழைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செந்தூல்: எத்தனை வாட்? தொனி எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஏஎல்சி (உள்ளே வரும் ஒலி மிகையானால் காட்டும்) முள் அசைகிறதா?

ஆயர் ஈத்தாம்: 100 வாட். 600 ஹெர்ட்ஸ். முள் பாதி வரை ஏறுகிறது.

செந்தூல்: ஒலியைக் குறையுங்கள், முள் அசையவே கூடாது. மிகைப்பட்டால் 600இன் மடங்குகளான 1200, 1800 ஹெர்ட்ஸிலும் உங்கள் நிழல் விழுந்து மற்றவர்களைக் கெடுக்கும். தொனியை 1500க்கு மேல் கொண்டுபோங்கள்; மடங்குகள் பெரும்பாலும் கருவியின் வடிகட்டிக்கு வெளியே போய்விடும். பேச்சைப் போல விட்டுவிட்டு அல்ல, 12.64 விநாடியும் முழு வலுவில் ஒலிபரப்பாகிறது. 30 வாட் போதும், கருவியும் சூடேறாது. பிறகு பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் அழைப்புக்குறி எங்கெல்லாம் கேட்டிருக்கிறது என்று பாருங்கள்.