வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்குள்ளேயே தனி அறை: விதிமுறை எப்படி எழுதுவது?

கன்னடியன்கால்:
எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. மேலாண்மைக் குழு சார்பில் கேட்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்கள் அடிதடி, டீச்சரை எதிர்த்துப் பேசுவது, வாயில் புகையிலைப் பொட்டலம் என்று மாட்டினால் இதுவரை ஒரே வழிதான்: "அப்பாவைக் கூட்டிட்டு வா, பத்து நாள் இந்தப் பக்கம் வராதே." அந்தப் பத்து நாளும் அவன் பஸ் ஸ்டாண்டிலும் ஆத்துப் படித்துறையிலும் கிடக்கிறான். திரும்பி வரும்போது சண்டை இன்னும் பெரிசாகி இருக்கிறது.

இப்போது ஒரு அறை காலியாக இருக்கிறது. வெளியே அனுப்பாமல் அங்கே உட்காரவைத்துப் படிக்க வைக்கலாம் என்று ஹெச்.எம். சொல்கிறார், விதிமுறையைக் குழுவே எழுதித் தரட்டும் என்கிறார். எத்தனை நாள் வைக்கலாம்? என்னென்ன விதி? ஒரே சண்டையின் ரெண்டு தரப்பையும் ஒரே அறையில் வைக்கலாமா? சட்டப்படி எதுவரை போகலாம்?

பழைய_ஹெச்எம்:
நல்ல முடிவும்மா. முதலில் அறையைப் பற்றி. ஹெச்.எம். அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். வருகிற போகிற ஆளெல்லாம் "இவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆளுக்கொரு மேசை, எல்லாம் கரும்பலகையைப் பார்த்து.

நாள் கணக்கு: பத்துப் பள்ளி நாள். எவ்வளவு இழுத்தாலும் பதினைந்தைத் தாண்டக் கூடாது. திரும்பிப் போகும் தேதியை முதல் நாளே எழுதிப் பையன் கையிலும் வீட்டிலும் கொடுத்துவிட வேண்டும். "திருந்தினதும் பார்க்கலாம்" என்றால் அது விதியே ஆகாது.

விதி ஐந்து போதும்: நேரத்துக்கு வருவது, கொடுத்த வேலையைத் தொடங்குவது, அனுமதி கேட்டு எழுவது, யாரையும் சாதி சொல்லியோ அம்மா அப்பாவை இழுத்தோ பேசாமல் இருப்பது, போன் ஒப்படைப்பது. ஒரு நாளைக்கு எட்டு பீரியட், பீரியடுக்கு ஐந்து மதிப்பெண், மொத்தம் நாற்பது. முப்பத்திரண்டு வந்தால் அந்த நாள் கணக்கில் சேரும். குறைந்தால் ஒரு நாள் கூடும். வாங்கின மதிப்பெண்ணைத் திருப்பிப் பிடுங்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். முதல் பீரியடில் பூஜ்யம் வாங்கினவனுக்கும் அடுத்த பீரியடில் ஐந்து கிடைக்கும் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் காலை பத்து மணிக்கே "இனிமே என்ன" என்று காலை நீட்டிவிடுவான்.

எங்கே சறுக்கும் தெரியுமா? பாட ஆசிரியர்கள் வேலை அனுப்ப மாட்டார்கள். மூன்றாம் நாளே அறையில் இம்போசிஷன்தான் ஓடும். அறையில் ஒரு நோட்டுப் போடுங்கள். 9.15க்குள் அன்றைய பாடம், பக்கம், பயிற்சி எண் எழுதிக் கையெழுத்து. எழுதாத கட்டம் காலியாகவே தெரியட்டும். ஹெச்.எம். தினம் அந்த நோட்டைப் பார்த்தால் போதும், மற்றது தானாக நடக்கும். இடைத்தேர்வு, காலாண்டு வந்தால் தன் வகுப்பு ஹாலில்தான் எழுத வேண்டும்.

வருகைப் பதிவில் 'வந்தான்' என்றுதான் போட வேண்டும். பள்ளிக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு வருகை சதவீதத்தில் அடி விழும்.

ரெண்டு தரப்பும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் கூடாது. ஒருவன் இங்கே, இன்னொருவன் நூலகத்தில், வாரம் மாற்றி. அறையைவிட பஸ்ஸைப் பாருங்கள். "தண்டனைக்கு அரை மணி நேரம் கூட இரு" என்று ஒருவனை நிறுத்தினால் அவன் டவுன் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை எதிர்த் தரப்புத் தெரு நிறுத்தத்தில் தனியாக நிற்பான். நம்ம பக்கத்தில் பாதி வெட்டுக்குத்து அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தரப்பைக் கால் மணி முன்னாடி விடுங்கள், பி.டி. சார் பஸ் ஏற்றிவிட்டு வரட்டும்.

பாளை_வக்கீல்:
அண்ணாச்சி சொன்னதோடு சட்டப் பக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. 2019 திருத்தத்தில் 5, 8 வகுப்புகளில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழி வந்தது, நீக்கத் தடை அப்படியே நிற்கிறது. பிரிவு 17 உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் ரெண்டையும் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பென்றால் 16 காக்காது. ஆனால் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 பதினெட்டு வயது வரை எல்லாருக்கும். பொறுப்பில் இருக்கிறவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது ரெண்டும். முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, பிரேயரில் மன்னிப்புக் கேட்க வைப்பது எதையும் உங்கள் தாளில் எழுதாதீர்கள், எழுதாமல் செய்யவும் செய்யாதீர்கள்.

இந்த அறைக்கு வரக் கூடாத விவகாரங்களையும் எழுதிவையுங்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ பிரிவு 19படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் பிரிவு 21 வரும். அரிவாள், கத்தி, சாதி சொல்லித் தாக்கியது, இதெல்லாம் உள்ளுக்குள் பேசி முடிக்கிற சங்கதி கிடையாது. அதற்காக எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன் என்றும் ஓட வேண்டாம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ மேலோ உள்ள கொடுங்குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்தது என்றால் எஃப்.ஐ.ஆர். மற்றதற்கு 2016 மாதிரி விதிகளின்படி காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் அறிக்கையோடு சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் வாரியத்தில் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் பள்ளியிலும் நடக்கிற தில்லுமுல்லு. "நானே விரும்பி டி.சி. கேட்கிறேன்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் இணையப் பதிவில், பிள்ளையைக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிடுவார்கள். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அவன் பெயர் எந்தப் பள்ளிப் பட்டியலிலும் இல்லை. இடைநின்றவர் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். டி.சி. பேச்சு வந்தால் எந்தப் பள்ளி எடுக்கும் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் தரப்பில் சந்தேகம் இருந்தால் கல்வித் துறை உதவி எண் 14417, சைல்டுலைன் 1098.

ஆற்றுப்படுத்துநர்_நெல்லை:
ஹெச்.எம். ஐயா சொன்ன மதிப்பெண் முறை சரி. பத்து நாள் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முதல் தடவைக்கு ஐந்து நாள் போதும். பத்து நாள் உட்கார்ந்தால் அந்த அறைக்கே ஒரு கெத்து வந்துவிடும், "நான் அங்க இருந்தவம்லே" என்று. அறைக்குப் பெயரும் வைக்காதீர்கள். சீர்திருத்த வகுப்பு, நல்வழி வகுப்பு, எது வைத்தாலும் பிள்ளைகள் வாயில் ரெண்டு நாளில் 'ரவுடி கிளாஸ்' ஆகிவிடும். அறை எண் போதும்.

சாதிக் கயிறு விஷயம் யாரும் தொடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. விதியில் சேருங்கள், ஆனால் கத்தரியோடு போகாதீர்கள். வாத்தியார் வெட்டின கயிறு சாயங்காலத்துக்குள் ஊர்ப் பிரச்சினை. அவனே அவிழ்த்துக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். கோயில் கொடை நேரத்தில் "காப்புக் கட்டியிருக்கு சார்" என்பான். சில வீட்டில் உண்மையாகவே நேர்ச்சை இருக்கும். கொடை என்றைக்கு முடிகிறது என்று அம்மாவிடம் கேட்டு, அந்தத் தேதியைக் கவரில் எழுதிவையுங்கள். இந்த அறைக்கு மட்டும் விதி, மற்ற வகுப்பில் வாத்தியார் கையிலேயே கலர் கயிறு என்றால் எடுபடாது.

சத்துணவு. தனியாகத் தட்டில் கொண்டுவந்து அறையில் கொடுக்காதீர்கள். எல்லாரோடும் வரிசையில் நின்று, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும். 1920களில் சாதி பார்த்துப் போட்ட தனிப்பந்தியால் சேரன்மகாதேவி குருகுலமே பேர் கெட்ட ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

திரும்புகிற நாள் திங்கள் வேண்டாம். பிரேயரில் எல்லார் கண்ணும் அவன் மேல்தான். புதன் நல்லது. வகுப்பாசிரியர், பெற்றோர், பையன், பத்து நிமிடம். மதிப்பெண் தாளைக் காட்டி, உட்காரும் இடத்தை மாற்றி, "பிரச்சினை வந்தால் யாரிடம் போவாய்?" என்று ஒரே ஒரு ஆசிரியர் பெயரை அவன் வாயால் சொல்ல வைத்து அனுப்புங்கள். பெற்றோரைச் சும்மா சும்மா கூப்பிடாதீர்கள். பீடி சுற்றுகிற அம்மாவுக்குக் காலையில் அரை நாள் போனால் அன்றைய கணக்குப் போச்சு. கடையில் பீடி ஒப்படைத்துவிட்டு வருகிற நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

கன்னடியன்கால்:
ரொம்ப நன்றி. ஐந்து நாள், பெயர் இல்லாத அறை, பஸ் ஏற்பாடு, மூன்றும் குழுவில் வைக்கிறேன். போனை வாங்கி வைத்தால் காணாமல் போனதென்று சண்டை வருமே? ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் வேறு இருக்கும்.

பழைய_ஹெச்எம்:
போனை அவன் கண் முன்னால் அணைத்து, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் அவன் கையெழுத்து. பீரோவில் பூட்டி, பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். யாரும் உள்ளே திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் அது தனி வழக்கு. காம்பஸ், பிளேடு, ஷார்ப்னர் காலையில் வாங்கி டப்பாவில். கணக்கு பீரியடுக்கு எண்ணிக் கொடுத்து, மணி அடிக்கும் முன் எண்ணி வாங்க வேண்டும். மணி அடித்த பிறகு எண்ணினால் ஒன்று எப்போதும் குறையும்.