துறைவாரியாக இளைஞர் வேலை: பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு அட்டவணைகளை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி:
தொழிலாளர் கணக்கெடுப்பு அட்டவணைகள் இரண்டு கையில் இருக்கின்றன. பத்து ஆண்டு இடைவெளி. 15–24 வயதினர் எந்தத் துறையில் எத்தனை பேர் என்ற கணக்கு. விவசாயமும் உற்பத்தித் துறையும் சரிந்திருக்கின்றன, தகவல் தொடர்பு ஏறியிருக்கிறது. இதை மட்டும் வைத்து "ஆலைகள் இளைஞர்களை எடுப்பதில்லை" என்று எழுதலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு எழுதாதீர்கள். இரண்டு அட்டவணைக்கும் அளவுகோல் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

எந்த நிறுவனம் எந்தத் துறை என்று பிரிக்கும் ஐ.நா.வின் தொழில்துறை வகைப்பாடு 2008இல் நான்காம் திருத்தத்துக்கு வந்தது. 17 பிரிவுகள் 21 ஆயின. பதிப்பகங்கள் உற்பத்தித் துறையிலிருந்து புதிய "தகவல் தொடர்பு" பிரிவுக்குப் போயின. அச்சகங்கள் உற்பத்தியிலேயே நின்றன. மென்பொருள் வணிகச் சேவைகளிலிருந்தும், தொலைத்தொடர்பு போக்குவரத்துப் பிரிவிலிருந்தும் அதே புதிய பிரிவுக்கு வந்தன. ஆகவே ஓர் அட்டவணை பழைய திருத்தத்திலும் மற்றது புதியதிலும் இருந்தால், ஒருவர்கூட வேலை மாறாமலே ஒரு துறை சரியும், இன்னொன்று ஏறும். இரண்டையும் வகைப்பாட்டின் மிக நுணுக்கமான நான்கு இலக்கக் குறியீட்டளவில் பொருத்திய பிறகு கூட்டுங்கள்.

விவசாயத்தில் இன்னொரு கண்ணி. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடு 2013இல் "வேலை" என்பதன் வரையறையையே மாற்றியது. சொந்த வீட்டுத் தேவைக்காக மட்டும் பயிரிடுபவர் இப்போது வேலையில் இருப்பவர் அல்ல. குடும்ப நிலத்தில் உழைக்கும் இளைஞர் பலர் இதனால் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார்கள்.

முடிவு ஆண்டு 2020ஆ? அப்படியானால் வேறு ஆண்டை எடுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) கணக்கில் அந்த ஆண்டு இளைஞர் வேலைவாய்ப்பு 8.7% குறைந்தது, பெரியவர்களுக்கு 3.7%தான். அது நீண்டகாலப் போக்கைக் காட்டும் ஆண்டு அல்ல.

மறுமொழி 2:
வகைப்பாடு ஒத்துவந்த பிறகு சரிவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: உற்பத்தித் துறையில் மொத்தம் 1000 பேர், இளைஞர் 200 (20%). பத்து ஆண்டு கழித்து மொத்தம் 900, இளைஞர் 126 (14%). குறைவு 74.

துறையே 100 பேர் சுருங்கியது: 100 × 20% = 20.
இளைஞர் பங்கு 6 புள்ளி இறங்கியது: 900 × 6% = 54.

இந்த 54 முழுவதையும் ஆலைகள் மேல் போடக் கூடாது. எல்லாத் துறைகளையும் சேர்த்தே இளைஞர் பங்கு 18%இலிருந்து 15%க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள்; பிறப்பு குறைந்ததாலும் கூடுதல் ஆண்டுகள் படிப்பதாலும் அது நடக்கும். அப்போது உற்பத்தியில் எதிர்பார்க்கும் பங்கு 20 × 15 ÷ 18 = 16.7%. 20%இலிருந்து 16.7%க்கான அந்த இறக்கத்துக்கு 900 × 3.3%, அதாவது சுமார் 30 பேர். எஞ்சும் 24 பேர்தான் அந்தத் துறைக்கே உரிய மாற்றம். 74 என்று எழுதுவதும் 24 என்று எழுதுவதும் ஒன்றல்ல. படிப்பவர் கொள்கை முடிவு எடுப்பவராக இருந்தால் இந்த வேறுபாடு பெரிய தவறில் முடியும்.

அந்த 24இலும் ஒரு பகுதி ஒப்பந்த வேலையாக இருக்கலாம். ஆலைக்குள் துப்புரவு, காவல், உணவகம் பார்ப்பவர்கள் வெளி நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்கு மாறியதும் கணக்கில் சேவைத் துறை ஆகிவிடுகிறார்கள். வேலை செய்யும் இடம் அதே ஆலைதான்.

கேட்டவர்:
வகைப்பாடு வேறுவேறாகத்தான் இருக்கிறது, திருத்துகிறேன். இளைஞர்களில் தகவல் தொடர்பில் இருப்பவர் 4%இலிருந்து 5% ஆகியிருப்பதை ஏற்றம் என்று சொல்லலாமா?

மறுமொழி 3:
மாதிரியில் எத்தனை இளைஞர் என்று பாருங்கள். 400 பேர் என்றால் 5%க்கான நியமப் பிழை (மாதிரி எடுப்பதால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) சுமார் 1.1 புள்ளி; இருபுறமும் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விட்டால் உண்மை அளவு 2.9 முதல் 7.1 வரை எங்கும் இருக்கலாம். கொத்து முறையில் (சில ஊர்கள் அல்லது பகுதிகளைத் தேர்ந்து அங்குள்ளவர்களை மட்டும் கேட்பது) எடுத்த மாதிரி என்றால் வீச்சு இன்னும் அகலும். ஆக, அந்த 1 புள்ளியை ஏற்றம் என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துச் சராசரி எடுங்கள், அல்லது சிறிய துறைகளை ஒன்றாக்குங்கள்.

கூடவே, அன்று 15–24இல் இருந்தவர்களை இன்று 25–34இல் தேடுங்கள். கடை, உணவகம் போன்ற துறைகளில் அந்தத் தலைமுறையின் பங்கு பாதியாகியிருந்தால், அவை பலருக்கும் முதல் வேலை மட்டுமே. வயது வரம்பை நிலையாக வைத்து ஒப்பிடும் அட்டவணையில் இது தெரியவே தெரியாது.