காசு கொடுத்துச் சுட்ட மானும் தானே தேடிய மானும்: உங்கள் அனுபவம் என்ன?

சாரல் (சான் ஆன்டோனியோ, டெக்சாஸ்)

கூடத்துச் சுவரில் கொம்பு தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "எப்படிச் சுட்டீர்கள்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்துகிறது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

இங்கே ஹில் கண்ட்ரி என்ற குன்றுப் பகுதியில் ஒரு பண்ணை. தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் கட்டணத்தில் அடக்கம். விடிவதற்கு முன்பே பெட்டிப் பரணில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே மக்காச்சோளம் தூவும் இயந்திரம். குறித்த நேரத்துக்குச் சுழன்று சோளத்தைச் சிதறியது. அந்தச் சத்தம் கேட்டதும் ஓக் மரங்களுக்கு இடையிலிருந்து மான்கள் வரத் தொடங்கின. டெக்சாஸில் தனியார் நிலத்தில் தீனி தூவி வேட்டையாடுவது சட்டப்படி சரிதான். அதைக் குறை சொல்ல வரவில்லை.

என்னைத் தைப்பது வேறு. வழிகாட்டி தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தானியங்கி கேமராவில் பதிவான ஆண் மான், இடது காதின் நுனி கிழிந்திருந்தது. "இதற்கு ஐந்தரை வயது ஆகிவிட்டது, இதைத்தான் நீங்கள் எடுக்கப்போகிறீர்கள்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கிழிந்த காதோடு அதே மான் சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருந்தது. குண்டு சரியாகத்தான் பட்டது, மான் துடிக்கக்கூட இல்லை. அவர் என் கையைக் குலுக்கினார். உண்மையில் நான்தான் அவர் கையைக் குலுக்கியிருக்க வேண்டும். தேடியவர் அவர், வயதைக் கணித்தவர் அவர், காற்றைப் பார்த்துப் பரணைத் தேர்ந்தவரும் அவர். விசையை அழுத்திய விரல் மட்டும்தான் என்னுடையது.

பொது நிலத்துக்குப் போங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு நிலம் தனியாருடையது. இரண்டு வழியிலும் போனவர்கள் சொல்லுங்கள், இந்த உறுத்தல் உங்களுக்கும் உண்டா?

தென்றல் (நெல்சன், நியூசிலாந்து)

சாரல் அண்ணா, உங்கள் உறுத்தல் நியாயமானது.

இங்கே மான் என்பதே வந்தேறி விலங்கு. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காகச் சிவப்பு மானைக் கொண்டுவந்து விட்டார்கள். அதை அடித்துத் தின்ன இந்த மண்ணில் எந்த விலங்கும் இல்லை. காட்டின் இளமரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. அதனால் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டு இலவசம். துப்பாக்கி உரிமம் இருந்தால் போதும். இப்படிப்பட்ட நாட்டிலும், கொம்புக்காகவே வளர்த்து வேலிக்குள் விட்ட மானைச் சுட வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுகிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஆண் மான்கள் கர்ஜிக்கும் பருவம். பீச் காட்டுக்குள் தனியாகப் போயிருந்தேன். குழாயை வாயில் வைத்து மான் போலக் குரல் கொடுத்தேன். பள்ளத்திலிருந்து பதில் வந்தது. இன்னொரு முறை கொடுத்தேன், பதில் இன்னும் அருகில் கேட்டது. பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஒன்று அசைந்தது. கிளை முறிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் துப்பாக்கியை உயர்த்தவில்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் இலக்கை அடையாளம் காணாதவரை சுடக்கூடாது என்பது இங்கே உரிமத் தேர்வில் முதலில் மனப்பாடம் செய்யும் விதிகளில் ஒன்று. பழுப்புக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டைக் கை தெரிந்தது. அவரும் என் குரலை மான் என்று நம்பித்தான் மேலே ஏறி வந்திருக்கிறார். இருவரும் எதிரெதிரே நின்று பேச்சே வராமல் விழித்தோம்.

வெறுங்கையோடுதான் இறங்கினேன். ஆனால் அந்தக் கணத்தில் முடிவெடுத்தது நான். "சுடுங்கள்" என்றோ "பொறுங்கள்" என்றோ காதில் சொல்ல யாருமில்லை. அதற்குப் பிறகு மான் கிடைத்த பயணங்கள் உண்டு, அவை இந்த அளவுக்கு மனத்தில் நிற்கவில்லை.

தொடர்பில்லாத ஒன்று. இங்கே தெற்குத் தீவின் ஆல்ப்ஸ் மலையில் இமயமலை வரையாடும் உண்டு, 1904இல் கொண்டுவந்து விட்டது. கோடை விடுமுறைகளில் நீலகிரி வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்குள்ள வரையாடும் சுட வேண்டிய விலங்குதான் என்று அறிவுக்குத் தெரிகிறது, கை வரவில்லை.

அலெகெனி (பென்சில்வேனியா)

இங்கே மாநில வேட்டை நிலம் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். உரிமம் வாங்கிய யாரும் நுழையலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பூட்ஸும் வரைபடமும் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி.

எனக்கு மறக்காத கணம் சுட்டது அல்ல, எழுதியது. மலைமுகட்டில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு தாழ்வு. கோடையிலேயே பார்த்து வைத்த இடம். வெள்ளை ஓக்கின் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன, இளமரங்களில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருந்தது, புழுக்கை ஈரமாக இருந்தது. மான் வந்தால் இந்த வழியாகத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட இடம். நவம்பர் கடைசியில் அப்படியே வந்தது. விழுந்த மானை நகர்த்துவதற்கு முன்பே உரிமச் சீட்டை நிரப்பிக் காதில் கட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். பேனாவை எடுத்தால் குளிரில் மை உறைந்து எழுத மறுத்தது. பையின் அடியில் ஒரு பென்சில் துண்டு கிடந்தது. கையுறையைக் கழற்றி, முழங்கால்மேல் வைத்து, தேதி, நேரம், வட்டாரத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். விரல்கள் மரத்துப் போய் எழுத்து கோணிக்கொண்டு வந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். கொம்பை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டேன்.

தென்றல் சொன்னதோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். மான் கிடைக்காததும் வேட்டைதான், சரி. ஆனால் கிடைத்த பிறகு செய்யும் வேலையில்தான் அது தன்னுடையதாகிறது. குடல் எடுப்பது, இழுத்து வருவது, தோலுரிப்பது, துண்டு போடுவது எல்லாம் சேர்ந்தது. சாரல், உங்கள் பண்ணையில் அவற்றை யார் செய்தார்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

சாரல்

பண்ணையின் ஆட்கள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் இறைச்சி பொட்டலம் பொட்டலமாகக் குளிர்பெட்டியில் இருந்தது. நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றுகிறது, உறுத்தலில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

பனிமூட்டம் (இன்வர்னெஸ், ஸ்காட்லாந்து)

வழிகாட்டி என்றாலே பரணில் உட்கார வைத்து விரலை மட்டும் வாடகைக்குக் கேட்பவர் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் வேட்டையாடும் உரிமை நிலத்தோடு சேர்ந்தது. நிலம் இல்லாதவன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். பெரும்பாலும் அங்கு வேலை பார்க்கும் தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே வருவார். முதலில் குறிப்பலகையில் சுட்டுக் காட்டச் சொல்வார். சரியில்லை என்றால் மலை ஏற விடமாட்டார்.

பெண் சிவப்பு மான் பருவம் அக்டோபர் 21 தொடங்கி பிப்ரவரி 15 வரை. நான் போனது ஜனவரியில். துப்பாக்கி உறைக்குள் அவர் தோளில். ஓடைக்குள் இறங்கி, கரி மண்ணில் வயிற்றால் ஊர்ந்து, காற்று திரும்பியதும் வந்த தொலைவெல்லாம் பின்வாங்கி, மலையைச் சுற்றி மறுபடியும் ஊர்ந்தோம். கடைசியில் உறையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். பைனாகுலரில் நான் பார்த்து வைத்திருந்தது கொழுத்த மான். அவர் காட்டியதோ ஓரத்தில் நின்ற கிழட்டு மான், முதுகெலும்பு தெரிந்தது. "இந்தக் குளிரை அது தாண்டாது" என்றார். அதற்கு முன்னால் ஒரு குட்டி வந்து நின்றது. அவர் என் தோளில் கை வைத்தார். குட்டி விலகும்வரை அந்தக் கை எடுக்கப்படவில்லை. என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் கை நடுங்கவில்லை.

தேர்வு என்னுடையதல்ல, உண்மை. என்னுடையதாக இருந்திருந்தால் தவறான மானைச் சுட்டிருப்பேன். அந்த மலையில் எத்தனை மான் இருக்கலாம், எது போக வேண்டும் என்று ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். மான் பெருகி மரக்கன்று தலையெடுக்க முடியாமல் போனதால்தான் 2023இல் ஆண் மானுக்கான தடைக்காலத்தையே இங்கே எடுத்துவிட்டார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் படுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த நிறைவு குறைந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். குடல் எடுப்பதை நானே செய்கிறேன் என்று கேட்டேன், கத்தியைக் கொடுத்துவிட்டு அருகில் நின்றார். அலெகெனிக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

வெண்வால் (விஸ்கான்சின்)

என் கதை சின்னது. வில் பருவத்தில் பரணில் இருந்தேன். ஒரு பெண் மான் நேர்கீழே வந்து, ஏதோ சரியில்லை என்று முன்னங்காலால் தரையைத் தட்டியது. நின்றது, மறுபடியும் தட்டியது. என் வில் பாதி இழுத்த நிலையில். மூக்கைச் சீறிவிட்டு வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிட்டது. அந்தக் காலடி ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். இங்கே எழுதியதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே தனியாகக் கிளம்பிவிடுவார்கள்.

முதலில் பரண். மரத்தில் ஏறும் கணத்திலிருந்து இறங்கும்வரை உடம்பில் பாதுகாப்புப் பட்டை பூட்டியிருக்க வேண்டும். துப்பாக்கியால் அடிபட்டவர்களைவிடப் பரணிலிருந்து விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் அறிவேன்.

அடுத்தது காற்று, அதுதான் உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோகிறது. முகத்தில் காற்று அடிக்கவில்லை என்றால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.

சுட்ட மான் ஓடினால் உடனே பின்னால் ஓடக்கூடாது. இரத்தத்தைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் வயிறு. பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். நெருக்கினால் இன்னும் தொலைவாகப் போய்விடும். முதல் ஆண்டில் அனுபவமுள்ள ஒருவர் கூட இருப்பது இதற்காகத்தான். அவர் பணம் வாங்குகிறவரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

இறைச்சி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். மான்களின் மூளையை அரிக்கும் நாட்பட்ட நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது பல மாநிலங்களில் உண்டு. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நோய்க்காரணி அழியாது. கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறையவைத்துக் காத்திருங்கள். பார்வைக்கு நன்றாக இருந்த மானுக்கும் நோய் இருக்கலாம். முடிந்தால் ஈயத்துக்குப் பதில் செம்புக் குண்டு வாங்குங்கள். ஈயம் பொடிப்பொடியாகச் சிதறி இறைச்சியில் தங்கும், பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது கூடாது.

விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு இன்னொன்று. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அந்த உரிமத்தை எடுத்துவிடுங்கள். அலாஸ்காவுக்குப் போக ஆசையா? அமெரிக்கக் குடிமகனாகவோ அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்பவராகவோ இல்லாத வெளிநாட்டவர் பெருவிலங்கு எதைச் சுடுவதானாலும் வழிகாட்டி கட்டாயம். தனியாகப் போகும் மகிழ்ச்சி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அலெகெனி

பனிமூட்டம், கத்தியைக் கேட்டு வாங்கினீர்கள் பாருங்கள், அதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் ஆள் மலையைக் காப்பவர், சாரலின் ஆள் வாடிக்கையாளரைக் காப்பவர். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிப் பேசுவதால்தான் இவ்வளவு சண்டை.

வெண்வால், இரத்தம் பற்றிச் சொன்னது நூறு விழுக்காடு சரி.

சமவெளி (காஸ்பர், வயோமிங்)

அலாஸ்காவைச் சொன்னீர்கள், எங்கள் மாநிலத்தை விட்டுவிட்டீர்கள். கூட்டாட்சி அரசு வனாந்தரப் பகுதி என்று அறிவித்த நிலத்தில் வெளிமாநிலத்தவர் மான் வேட்டையாட வேண்டுமானால் வழிகாட்டி வேண்டும். நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தமான நிலம். அதில் முதுகுப்பையோடு நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், மானை மட்டும் தனியாகத் தேடக்கூடாது. இது நியாயமே இல்லை. உள்ளூரில் வாழும் நானே சொல்கிறேன்.

ஆனால் வழி உண்டு. மாநிலவாசி ஒருவர் இலவசமாக உரிமம் எடுத்துக்கொண்டு, பணம் வாங்காமல் கூட வரலாம். டென்வரிலிருந்து வந்த நண்பனை அப்படித்தான் அழைத்துப் போனேன். மியூல் மான் ஒன்று பாறைச் சரிவில் படுத்திருந்ததை முதலில் நான்தான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவன் பைனாகுலரை மெல்ல மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு புதராகத் தேடி, கடைசியில் அதன்மேல் வந்து நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டதை அருகிலிருந்து பார்த்தேன். நான் முதலில் பார்த்ததை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சாரல், டெக்சாஸில் நிலம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு வேட்டை உரிமத்துக்கான சீட்டுக் குலுக்கலுக்கு இங்கே விண்ணப்பியுங்கள். குலுக்கலில் பெயர் வந்தால் சொல்லுங்கள், கூட வருவதற்கான உரிமத்தை நான் எடுத்து வைக்கிறேன். குடல் எடுப்பது உங்கள் வேலை.