எண் நன்றாக வந்தது, செல்கள் இல்லை: செல் வளர்ப்பு அறையில் ஏமாந்த அனுபவங்கள்

சென்னை, தாவர மருந்தியல் ஆய்வாளர்:

உடலுக்கு வெளியே, தட்டிலும் குடுவையிலும் செல்களை வளர்த்துச் செய்யும் சோதனைகளில் ஏமாந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், கடுக்காய்ச் சாற்றுக்குப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் திறன் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கிய எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களை 96 குழித் தட்டில் குழிக்குப் பத்தாயிரம் வீதம் விதைத்து, ஒரு நாள் ஒட்ட விட்டு, மறுநாள் ஆறு அளவுகளில் சாற்றைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில் 24 மணி நேரம் வைத்திருந்தேன். பிறகு, எத்தனை செல்கள் உயிரோடு உள்ளன என்று நிறத்தைக் கொண்டு கணிக்கும் வழக்கமான எம்டிடி சோதனை. உயிருள்ள செல், எம்டிடி என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை ஒடுக்கி (எலக்ட்ரான்களைக் கொடுத்து) ஊதா நிற ஃபார்மசான் படிகமாக்கும். அதை டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால், ஊதா எவ்வளவோ அவ்வளவு உயிர் என்பது கணக்கு. 1983 முதல் உலகமே இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

சாற்றின் அளவு கூடக்கூட ஊதாவும் கூடியது. மிக உயர்ந்த அளவில், சாறே சேர்க்காத குழிகளைவிட அதிக உயிர் என்று கருவி காட்டியது. கடுக்காய் செல்லைக் கொல்லவில்லை, வளர்க்கிறது என்று நெறியாளரிடம் சொல்லப் புறப்பட்டுவிட்டேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர்தான், “எம்டிடி போடுவதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் தட்டைப் பார்த்தாயா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. அடுத்த தட்டைப் பார்த்தபோது, குழியின் அடியில் ஒட்டிப் பரந்திருக்க வேண்டிய செல்கள் எல்லாம் உருண்டு திரண்டு, நீராகாரத்தில் மிதக்கும் பருக்கைகளைப் போல அலைந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு காலித் தட்டை எடுத்து, செல்லே இல்லாத குழிகளில், செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியமும் சாறும் எம்டிடியும் மட்டும் விட்டார். அரை மணி நேரத்தில் அவை ஊதாவாகிவிட்டன. கடுக்காயின் டானின்களும் காலிக் அமிலமும் தாமே எம்டிடியை ஒடுக்கிவிடுகின்றன. அதற்குச் செல் எதற்கு?

அதன் பின் ஒவ்வொரு அளவுக்கும் செல் இல்லாத குழிகளை ஒப்பீட்டுக்கு வைத்தேன். எம்டிடி சேர்க்கும் முன் சாற்றை அகற்றி, பிபிஎஸ் என்னும் உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவினேன். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபன் புளூ சாயத்தைக் கொண்டு செல்களைக் கண்ணாலும் எண்ணினேன். சாறு செல்களைக் கொல்கிறது என்பது தெளிவாகி, கட்டுரையும் வெளிவந்தது. மூலிகைச் சாறுகளைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் இந்த ஒப்பீட்டுக் குழிகள் பற்றிய பேச்சே இல்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம், அந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூர், ஆய்வக உதவியாளர்:

எனக்கு வந்த வினை, செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியா. மற்ற பாக்டீரியா புகுந்தால் மீடியம் கலங்கும், அதிலுள்ள ஃபீனால் ரெட் என்னும் சிவப்புச் சாயம் மஞ்சளாகும், ஒரே இரவில் தெரிந்துவிடும். இதுவோ எதையும் காட்டிக்கொடுக்காது. செல்கள் நிறைந்ததும், மூன்று நாளுக்கு ஒரு முறை புதுக் குடுவைகளுக்குப் பிரிக்க வேண்டிய குடுவை ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. மீடியத்தில் சேர்க்கும் சீரம் பழையது என்று நினைத்துப் புதுப் புட்டி வாங்கினோம், இன்குபேட்டரின் வாயுவைச் சரிபார்த்தோம், மின்வெட்டின் மேலும் பழிபோட்டோம். இரண்டு மாதம் கழித்து, வேறொரு சோதனைக்காகச் செல்களை, டிஎன்ஏவை நீலமாக ஒளிரச் செய்யும் ஹோக்ஸ்ட் சாயத்தில் தோய்த்துப் பார்த்தபோது, நீல உட்கருக்களைச் சுற்றி, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள் தூவியிருந்தன. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை, அது மைக்கோபிளாஸ்மா என்று உறுதி செய்தது. செல் சுவரே இல்லாத உயிரியை, மீடியத்தில் நாங்கள் சேர்க்கும், சுவரைக் கட்டவிடாமல் கொல்லும் பென்சிலின் என்ன செய்யும்? அது 0.22 மைக்ரான் வடிகட்டியின் வழியாகவும் நழுவிவிடும். மனித வாயில் இயல்பாகவே வாழும் வகையும் உண்டு என்று பின்னர் படித்தபோது, தூய காற்று வீசும் வேலைப் பெட்டியான ஹூட்டின் முன் அமர்ந்து நாங்கள் அடித்த அரட்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. உறைநிலையில் இருந்த குப்பிகள் உட்பட எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்து எறிந்தோம். இரண்டு மாத அளவீடுகளும் அவற்றோடு போயின.

மதுரை, பல் மருத்துவ ஆய்வு மாணவர்:

வாய்ப் புற்றுநோய்க்கு என்று கேபி செல்களைத்தான் எங்கள் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். நானும் ஓராண்டு பயன்படுத்தினேன். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரியில் நிறுத்திவிட்டார்: அவை வாய்ச் செல்களே அல்ல, ஹீலா செல்கள். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவருடைய சம்மதம் பெறாமலே எடுக்கப்பட்ட செல்களின் வழிவந்தவை அவை. ஹீலா வளரும் வேகத்துக்கு, தவறிய ஒரு துளி பக்கத்துக் குடுவையில் விழுந்தாலே போதும், சில வாரங்களில் அதன் சொந்தச் செல்களை விரட்டிவிட்டுக் குடியேறிவிடும். 1966இலேயே ஸ்டான்லி கார்ட்லர் 18 செல் வரிசைகளில் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) இந்தக் கலப்படத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் தெரிந்த செய்தி! எஸ்டிஆர் என்னும் டிஎன்ஏ அடையாளச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால், ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

பெங்களூரு, உயிர்வேதியியல் ஆசிரியர்:

சென்னைச் சகோதரிக்கு ஒரு கேள்வி. காலிக் அமிலம் போன்ற பொருள்கள் வளர்ப்பு மீடியத்தில் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். உங்கள் செல்களைக் கொன்றது கடுக்காயா, அல்லது தட்டிலேயே பிறந்த பெராக்சைடா? மீடியத்தில் பைருவேட் இருந்தால் அது பெராக்சைடை அழித்துவிடும் என்பதால், மீடியத்தை மாற்றினாலே முடிவு மாறக்கூடும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து ஒரு வரிசையும், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த கேட்டலேஸைச் சேர்த்து ஒரு வரிசையும் வைத்துப் பாருங்கள்.

சென்னை, தாவர மருந்தியல் ஆய்வாளர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். பழைய சாறு ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. ஐயா சொன்னபடியே மூன்று தட்டுகள் போட்டேன். சூடாக்கிய கேட்டலேஸ் இருந்த குழிகளில் செல்கள் முன்போலவே செத்து மிதந்தன. செயல்படும் கேட்டலேஸ் இருந்த குழிகளில் பெரும்பாலானவை ஒட்டியபடி, கால் பரப்பி, நலமாக இருந்தன. இந்த முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் கருவியில் வைத்தேன். கட்டுரை வெளிவந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. திருத்தம் அனுப்புவது பற்றிப் பேச, நெறியாளரிடம் திங்கட்கிழமை காலையில் நேரம் கேட்டிருக்கிறேன்.