ஃப்ரீஅடர்இன்ஃபோவுக்கு நல் கொடுத்தால் என்ன?

பழையசி:
"ஆல்பைன் லினக்ஸில் செக்ஃபால்ட் (தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டு நிரல் விழுவது) வந்தது, ஃப்ரீஅடர்இன்ஃபோவுக்கு (முகவரிப் பட்டியலின் மெமரியை விடுவிக்கும் சி ஃபங்ஷன்) முன்னால் ஒரு நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) சோதனை போட்டேன், மெமரி பிரச்சினை தீர்ந்தது" என்று நெட்கரன் தம்பி பேட்ச் போட்டிருக்கிறார். எது தீர்ந்தது? ஒரு பெயருக்குரிய முகவரிகளைத் தொடர்பட்டியலாகத் தரும் கெட்அடர்இன்ஃபோ கொடுத்த ரெஸ் பாயிண்டரையே ஃபார் லூப்பில் நகர்த்துகிறீர்கள். எந்த முகவரியும் கனெக்ட் ஆகாவிட்டால் கடைசியில் ரெஸ் நல்லாகிவிடும். பட்டியலின் தலை அப்போது யார் கையில் இருக்கிறது? விடுவிக்க வழியில்லாமல் மொத்தமும் லீக். ஆல்பைனின் சி நூலகமான மசல் வெடித்ததால் தெரிந்தது. மற்ற பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி என்றால் கமுக்கமாக விழுங்கியிருக்கும்.

நெட்கரன்:
அண்ணா, மெமரியை விடுவிக்கும் ஃப்ரீக்கு நல் கொடுக்கலாம் என்று 1989 சி தரமே சொல்கிறது. ஜிலிப்சியும் ஒத்துக்கொள்கிறது. மசலின் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய?

பழையசி:
ஃப்ரீ வேறு, ஃப்ரீஅடர்இன்ஃபோ வேறு. நல் கொடுக்கலாம் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரமான போசிக்ஸில் எந்த வரி சொல்கிறது? மசல் எடுத்த எடுப்பிலேயே, பட்டியலின் அடுத்த கணுவைக் காட்டும் ஏஐ_நெக்ஸ்டைப் படிக்கும். நல்லில் என்ன இருக்கும், உங்கள் தாத்தா சொத்தா?

நெட்கரன்:
கொடுக்கக் கூடாது என்று எந்த வரி சொல்கிறது? ஜிலிப்சியில் ஓடுகிறது.

ரஸ்ட்ராணி:
ரஸ்ட் மொழியின் நூலகத்தில் ஒரிஜினல், கர் என்று இரண்டு பாயிண்டர் வைத்திருக்கிறார்கள். கர் நகரும், டிராப் ஆகும்போது (வேலை முடிந்து அழியும்போது) ஒரிஜினல்தான் விடுவிக்கப்படும். சியிலும் ஒரு வரி வேலைதானே?

பழையசி:
வந்துவிட்டார்கள். இழவு வீட்டிலும் ரஸ்ட் விற்பார்கள்.

ரஸ்ட்ராணி:
நீங்கள் சொல்ல வந்ததைத்தான் ஐயா நானும் சொன்னேன்!

பொட்டிதட்டி:
நல் சோதனையோடு, மெமரி லீக்கைப் பிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டினேன். லோக்கல்ஹோஸ்ட், யாரும் கேட்காத போர்ட், ஜிலிப்சி. முதல் கணு 'டெஃபினிட்லி லாஸ்ட்' (கண்டிப்பாகத் தொலைந்தது), அதில் தொங்கிய அடுத்தது 'இன்டைரக்ட்லி லாஸ்ட்' (அதோடு சேர்ந்து தொலைந்தது). இரண்டாவது முகவரி கனெக்ட் ஆனாலும் முதல் கணு அநாதைதான்.

நெட்கரன்:
துணைப்பட்டியலை மட்டும் விடுவிக்கலாம் என்று போசிக்ஸே சொல்கிறதே!

பழையசி:
விடுவிக்கலாம். விடுபட்டதை யார் விடுவிப்பார்? பக்கத்து வீட்டுக்காரரா?

நெட்கரன்:
மெமரி பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்! போன வருடம் க்ளோஸ் ஈஇன்டர் பிழை (சிக்னல் குறுக்கிட்டது) கொடுத்தால் மறுபடியும் க்ளோஸ் செய் என்று எழுதியது யார்? லினக்ஸில் எஃப்டி (திறந்த கோப்பு அல்லது சாக்கெட்டின் எண்) முதல் தடவையே போய்விடும். அதே எண்ணை இன்னொரு த்ரெட் வாங்கியிருந்தது, அதன் சாக்கெட்டை மூடிவிட்டோம். இரண்டு ராத்திரி தூங்கவில்லை நான்.

பழையசி:
அது எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸுக்காக எழுதிய கோடு. அங்கே ஈஇன்டர் வந்தால் எஃப்டி திறந்தே இருக்கும். பார்க்காமல் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது தாங்கள்.

நெட்கரன்:
ரிவ்யூவில் சரி என்றது?

பழையசி:
பேச்சை மாற்றாதீர்கள். நல் கொடுக்கலாம் என்று போசிக்ஸில் எந்த வரி?

பொட்டிதட்டி:
நல்லை விடுங்கள், தலையை எப்போது சேமிக்கப் போகிறீர்கள்?

நெட்கரன்:
ஜிலிப்சியில் ஓடுகிறது.

பழையசி:
வரியைக் காட்டுங்கள்.